கேட்டு எழுதிய கணக்கு

2008 மே மாதம், ஈரோட்டில் ஒரு மஞ்சள் குடோனுக்குள் நின்றுகொண்டு ஒரு பொய் டிக் அடித்தேன். பச்சைப் பென்சிலால், நல்ல அழுத்தமாக.

அப்போதுதான் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு முடிந்திருந்தது. சம்மர் இன்டர்ன்ஷிப் என்ற சொல் எங்கள் கல்லூரி வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. 'இன்-பிளான்ட் ட்ரெயினிங்' என்பார்கள். ஏதாவது ஒரு ஃபேக்டரியை இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, சர்டிஃபிகேட்டோடு பிரியாணியும் சாப்பிட்டு வருவதற்கு அந்தப் பெயர். லீவில் நான் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கிடப்பதைப் பொறுக்காத அப்பா, அவருக்கு வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஆடிட்டரிடம் கொண்டுபோய் விட்டார். "கம்ப்யூட்டர் படிக்கிறானுங்க. ஏதாச்சும் வேலை கொடுங்க, சம்பளமெல்லாம் வேண்டாம்."

ஆடிட்டர் சாருக்கு ஆள் தேவைப்பட்ட நேரம் அது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-ஆம் தேதி வாட் வரி வந்திருந்தது. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்றால், வாங்கிய பில் ஒவ்வொன்றும் கணக்கில் ஏற வேண்டும். அதுவரை பேரேட்டில் ஒற்றை வரியாகக் கிடந்தவை எல்லாம் பில் வாரியாகப் பிரிந்து டேலிக்குள் போக வேண்டியிருந்தது. அலுவலக மூலையில் மஞ்சப்பை மஞ்சப்பையாகப் பில்கள் குவிந்திருந்தன. மண்டிக்காரர்கள் கணக்கு கொண்டுவரும் முறை அதுதான்: ஒரு மாதம், ஒரு பை.

முதல் நாள் சார் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "இங்க பார்க்கறது இங்கயே இருக்கணும் தம்பி. வீட்டுல அப்பா கேட்டாக்கூட."

அங்கே மூன்று ஆர்டிகிள்கள் இருந்தார்கள். சி.ஏ. படிப்பவர்கள் ஓர் ஆடிட்டரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அப்போதெல்லாம் மூன்று, மூன்றரை ஆண்டு, வேலை பழகுவதற்கு ஆர்டிகிள்ஷிப் என்று பெயர். அதைச் செய்பவரும் ஆர்டிகிள்தான், ஏதோ செய்தித்தாளில் வந்த கட்டுரை மாதிரி. மூவரில் மூத்தவர் ஓர் அக்கா. ஆர்டிகிள்ஷிப் முடிய ஏழெட்டு மாதம்தான் பாக்கி. வாங்கும் ஸ்டைபண்ட் ஸ்கூட்டியின் பெட்ரோலுக்கும் சாயங்கால டீக்கும் சரியாகப் போகும் என்பார். வவுச்சிங் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கணக்கில் ஒரு செலவு இருந்தால் அதற்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும். காகிதத்தைப் பார், தேதியைப் பார், தொகையைப் பார், யாருக்கு என்று பார், பிறகு டிக் அடி. டிக் பச்சையில் இருக்க வேண்டும். கிளையண்ட் எழுதியது நீலத்திலும் கறுப்பிலும் இருக்கும். ஆடிட்டர் கண் பட்ட இடம் தனியாகத் தெரியவே பச்சை. "டிக் சும்மா ஒரு கோடு இல்லடா. 'நான் பார்த்தேன்'னு அர்த்தம்" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே அன்றைக்கு முந்நூறு டிக் அடித்தேன்.

மூன்றாவது வாரத்தில் குடோன் வந்தது. ஒரு வங்கி, தான் கடன் கொடுத்திருந்த மஞ்சள் வியாபாரியின் சரக்கைப் பார்த்து அறிக்கை தரும்படி எங்கள் ஆடிட்டரைக் கேட்டிருந்தது. இந்த வகைக் கடன் எளிமையானது. குடோனில் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அதில் ஒரு பங்குக்குக் கடன் எடுத்துக்கொள்ளலாம். சரக்கு எவ்வளவு என்று மாதா மாதம் வியாபாரியே எழுதிக் கொடுப்பார். அவர் எழுதியது சரியா என்று எப்போதாவது ஒருவர் போய்ப் பார்ப்பார். அந்த ஒருவராக அன்று போனவர்கள் அக்காவும் நானும். "புதுச் சட்டை போட்டுட்டு வராதே" என்று முந்தின நாளே அவர் சொல்லியிருந்தார். நான் வெளிர்நீலத்தில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் போனேன். ஆடிட்டுக்குப் போகிறோமே, ஆபீசர் மாதிரி இருக்க வேண்டாமா?

மஞ்சள் குடோன் வாசனையாக இருக்கும் என்று நினைப்பீர்கள். முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான். பிறகு அது மூக்குக்குள் தூசியாகப் படிந்து, தொண்டையில் இறங்கி, கண்ணில் எரியும். தகரக் கூரைக்குக் கீழே மே மாத வெயில். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம், சாக்கு மூட்டைகள் கூரை முட்ட அட்டி போட்டிருந்தார்கள். அட்டியை ஒவ்வொரு மூட்டையாக எண்ண மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் எண்ணிப் பெருக்குவார்கள். இரண்டு குடோன்கள். ஒன்றை அக்கா எடுத்துக்கொண்டு, மற்றதை என்னிடம் விட்டார். "நாலு பக்கமும் சுத்தி வா. மேலயும் ஏறிப் பாரு."

முதல் இரண்டு அட்டிகளைச் சுற்றித்தான் வந்தேன். இரண்டுக்கும் நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். மூன்றாவது அட்டி சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கும் மூட்டைகளுக்கும் நடுவே ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழையும் அளவுக்கு ஒரு சந்து. உள்ளே இருட்டு. நீளம் 12, உயரம் 14 என்று முன்னாலிருந்தே தெரிந்தது. அகலம்தான் தெரியவில்லை. குடோன் பார்த்துக்கொள்ளும் பெரியவர், அறுபது வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குரங்கு மாதிரி மேலே ஏறிவிட்டார். "அந்தச் சந்துக்குள்ள போகாதீங்க தம்பி. தேளு, பூரான் எல்லாம் கெடக்குமுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க." மேலிருந்து குரல் வந்தது: "எட்டுங்க. முழுசா எட்டு இருக்குதுங்க."

எட்டு என்று எழுதினேன். 12 பெருக்கல் 8 பெருக்கல் 14. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு மூட்டை. பக்கத்தில் பச்சை டிக். அகலம் எட்டில்லாமல் ஆறாக இருந்தால் 336 மூட்டை குறையும் என்று அப்போது நான் கணக்குப் போடவில்லை. பெரியவர் கீழே இறங்கி வந்து எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

வெளியே அக்கா துப்பட்டாவை உதறிக்கொண்டு நின்றிருந்தார். உதறிய துப்பட்டா, தலைமுடி, புருவம் எல்லாம் மஞ்சள். "எல்லாம் சுத்திப் பார்த்தியா?"

"பார்த்தேங்க்கா."

என்னை ஒரு நிமிடம் மேலும் கீழும் பார்த்தார். தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

*

ஒரு சாக்கு மூட்டையை எண்ண யாரோ ஒருவர் நேரில் போக வேண்டும் என்ற விதி எப்போது வந்தது? இதை நான் தேடத் தொடங்கியது பல வருஷம் கழித்து, பெங்களூரில் ஒரு பில்லிங் மென்பொருளின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது. தேடினால், அந்த விதிக்கு அவ்வளவு வயதாகவில்லை.

ஆடிட் என்ற சொல்லின் வேர் லத்தீன். கேட்பது என்று பொருள். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதே குடும்பம். பண்ணையின் கணக்கை அதிகாரி உரக்க வாசிப்பார், பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், திருப்தி என்றால் தலையாட்டுவார்கள். படிக்கத் தெரியாத பிரபுக்கள் நிறைந்த காலத்தில் வேறு வழியும் இல்லை. (தமிழில் எதைப் பற்றிக் கட்டுரை எழுதினாலும் உத்திரமேரூர் ஒருமுறை தலைகாட்டிவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. தலைகாட்டட்டும்: முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் குடவோலைக்கு நிற்க முடியாது. கேட்பதற்கு முன்னால் காட்டவாவது வேண்டுமே!)

தொழிலாக வந்த பிறகும் இந்தக் கேட்கும் பழக்கம் போகவில்லை. இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் என்று ஒரு கம்பெனி. அதன் மேனேஜர் பஞ்சும் நூலும் இருப்பதைவிட அதிகமாக இருப்பதாகச் சில வருஷங்கள் எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர்கள் அந்தச் சான்றிதழை வாங்கி அப்படியே பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றினார்கள். இல்லாத லாபத்தில் டிவிடெண்ட் போனது. கம்பெனி விழுந்தது. 1896-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆடிட்டர்கள் மீது தவறில்லை என்றது. சந்தேகப்பட முகாந்திரம் இல்லாதபோது, பொறுப்பான ஓர் அதிகாரி சொல்வதை நம்பலாம். ஆடிட்டர் காவல் நாயே தவிர வேட்டை நாய் அல்ல. சரக்கு எண்ணுவது அவர் வேலை கிடையாது. அந்த நாய் உவமை இன்றைக்கும் சி.ஏ. பரீட்சைத் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா எனக்குச் சொன்ன முதல் வழக்கும் இதுதான். அப்போது நான் கவனித்தது நாயை மட்டும். 'எண்ணுவது அவர் வேலை கிடையாது' என்பது காதில் ஏறவே இல்லை.

அது அவர் வேலைதான் என்று ஆனது 43 வருஷம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம். அந்தக் கதையின் நாயகன் பிலிப் மியூசிகா. நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியக் குடும்பம். முதலில் பாலாடைக்கட்டி இறக்குமதியில் சுங்க அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்து 1909-இல் மாட்டினார். அடுத்து தலைமுடி வியாபாரம். அன்றைய பெண்களின் பெரிய கொண்டைகளுக்கு நீள முடி விலை போன காலம். பெட்டி பெட்டியாக விலையுயர்ந்த முடி இருப்பதாகக் காகிதம் காட்டி வங்கிகளில் கடன் வாங்கினார். 1913-இல் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுக்கும் உதவாத துண்டு முடிகள். சிறை. வெளியே வந்த மனிதர் பெயரை மாற்றி, டாக்டர் எஃப். டொனால்ட் காஸ்டர் ஆகி, 1926-இல் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற பழைய, மதிப்பான மருந்துக் கம்பெனியையே வாங்கிவிட்டார்.

மியூசிகா முடியில் கற்ற பாடம், பெட்டியே இருக்கக்கூடாது என்பது. பெட்டி இருந்தால் ஒருநாள் யாராவது திறப்பார்கள். கனடாவில் கிடங்குகள் இருப்பதாகவும், அங்கே மருந்து மூலப்பொருள்கள் குவிந்து கிடப்பதாகவும், அவற்றை ஒரு கம்பெனி வாங்கி விற்பதாகவும் காகிதத்தில் ஒரு வியாபாரத்தையே நடத்தினார். காகிதத்தைத் தயாரித்தவர்கள் வேறு பெயர்களில் ஒளிந்திருந்த அவருடைய தம்பிகள். ஆடிட் செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ், அன்றைக்கும் பெரிய பெயர். அவர்கள் காகிதம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பில் இருந்தது, ரசீது இருந்தது, கூட்டல் சரியாக இருந்தது. கிடங்குக்கு மட்டும் யாரும் போகவில்லை, போக வேண்டும் என்று தொழிலில் எழுதியும் இல்லை. கடைசியில் மோப்பம் பிடித்தது கம்பெனியின் சொந்தப் பொருளாளர். 1938 டிசம்பரில் எல்லாம் வெளியே வந்தபோது 8.7 கோடி டாலர் சொத்தில் சுமார் 1.9 கோடி வெறும் மை. அதில் ஒரு கோடி, இல்லாத சரக்கு. கைது செய்ய ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது மியூசிகா வீட்டுக் குளியலறையில் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷமே அமெரிக்க ஆடிட்டர்களின் சங்கம் விதியை மாற்றியது. இனி சரக்கு எண்ணும்போது ஆடிட்டர் தரப்பில் ஒருவர் நேரில் நிற்க வேண்டும். கடன்காரர்களிடம் பாக்கியை நேராகக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். அந்த விதி மெல்ல மெல்ல உலகெங்கும் பரவி, கொங்கு நாட்டுத் தகரக் கொட்டகை வரைக்கும் வந்து, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தியது.

*

என் கதைக்கு மியூசிகாவைவிட நெருக்கமானவர் இன்னொருவர். அவரைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

டினோ டி ஆஞ்செலிஸ் என்பவர் நியூஜெர்ஸியில் பேயோன் என்ற ஊரில் சமையல் எண்ணெய் வியாபாரம் செய்தார். பெரிய பெரிய டாங்குகளில் சோயா எண்ணெய். டாங்குக்குள் இவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஒரு துணை நிறுவனம் ரசீது கொடுக்கும். ரசீதைக் காட்டி அவர் கடன் வாங்குவார். ஈரோட்டு மஞ்சள் கடனின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 1939-இன் பாடம் படிக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் நேரில் போனார்கள். கண்ணால் பார்த்தார்கள். ஆனால் பல டாங்குகளில் இருந்தது தண்ணீர். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், நம் வீட்டு அகல்விளக்குக்குத் தெரிந்த விஞ்ஞானம்தான். மேலே ஒரு படலம் எண்ணெய் இருந்தால் போதும், முக்கிப் பார்த்தால் எண்ணெய்.

அதுகூடப் பரவாயில்லை. டாங்கின் உச்சிக்கு ஏறுவது சிரமம் என்பதால், ஏறி அளப்பது டி ஆஞ்செலிஸின் ஆட்கள். அவர்கள் மேலிருந்து அளவைக் கூவுவார்கள். ஆய்வாளர் கீழே நின்று எழுதிக்கொள்வார். 1963 நவம்பரில் எல்லாம் சரிந்தபோது நஷ்டம் 15 கோடி டாலருக்கு மேல். கென்னடி சுடப்பட்ட அதே வாரம் என்பதால் ஊர் அதிகம் பேசவில்லை.

மேலிருந்து ஒருவர் கூவ, கீழே ஒருவர் எழுதுகிறார். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மஞ்சள் நெடி அடித்தது. "எட்டுங்க. முழுசா எட்டு இருக்குதுங்க." கணக்கை உரக்கப் படித்துக் கேட்ட காலத்திலிருந்து ஆடிட் தொழில் எத்தனையோ வருஷம் நடந்து நேரில் பார்க்கும் காலத்துக்கு வந்திருக்கிறது. நான் ஒரே மதியத்தில் அதைத் திரும்ப நடந்து தொடங்கிய இடத்துக்கே போயிருக்கிறேன்.

இதில் பெரியவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அவர் பொய் சொன்னார் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. சந்துக்குள் உண்மையிலேயே தேள் இருந்திருக்கலாம். எட்டு உண்மையிலேயே எட்டாக இருந்திருக்கலாம். ஆனால் எட்டு சரியாக இருந்தாலும் என் டிக் பொய்தான். அது 'எட்டு இருக்கிறது' என்று சொல்லவில்லை. 'நான் பார்த்தேன்' என்று சொன்னது.

*

இந்த நேரில் போகும் வேலை எப்போதும் அலுவலகத்திலேயே சின்னவர் தலையில்தான் விழும். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆர்டிகிள் என்பது ஒப்பந்தத்தின் ஷரத்து. 1720-களின் இறுதியில் இங்கிலாந்தில் வக்கீல் ஆக விரும்புகிறவர் ஐந்து வருஷம் ஒரு வக்கீலிடம் ஒப்பந்த குமாஸ்தாவாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து, 1880-இல் இங்கிலாந்தின் கணக்காளர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தபோது அவர்களும் இதே ஐந்து வருஷ முறையைக் கைக்கொண்டார்கள். ஒரு வித்தியாசம் நம்மைத் திகைக்க வைக்கும்: பையனுக்கு ஆடிட்டர் சம்பளம் கொடுப்பதில்லை, பையனின் அப்பா ஆடிட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். பிரீமியம் என்று பெயர். நூறு கினிகளும் அதற்கு மேலும் போகும். வசதியான வீட்டுப் பையன்கள் மட்டுமே கணக்காளர் ஆகலாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. பிரீமியம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. "சம்பளமெல்லாம் வேண்டாம்" என்று அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டபோது, அவரையறியாமல் அந்தப் பழைய மரபின் பாதியைக் கடைப்பிடித்திருக்கிறார்.

இங்கே 1913-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டம்தான் யார் ஆடிட் செய்யலாம் என்று முதலில் கோடு போட்டது. 1918-இல் பம்பாயில் அரசு கணக்கியல் டிப்ளமா வந்தது, ஜி.டி.ஏ. என்பார்கள். 1932-இல் அகில இந்தியப் பதிவேடு. அதில் பெயர் ஏறியவர் ஆர்.ஏ., ரெஜிஸ்டர்டு அக்கவுண்டன்ட்.

அந்தப் பதிவேட்டின் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவர் சென்னைக்காரர், ஆர். சிவபோகம். 1907-இல் பிறந்தவர். சகோதரி சுப்புலட்சுமியின் செல்வாக்கில் வளர்ந்து, ராணி மேரி கல்லூரியில் படித்தவர். அந்நியத் துணி பகிஷ்காரத்தில் கலந்துகொண்டு வேலூர் சிறையில் ஒரு வருஷம் இருந்தார். வெளியே வந்து சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் ஆர்டிகிள் சேர்ந்து, 1933-இல் ஜி.டி.ஏ. தேறினார். இந்தியாவில் கணக்காளர் தேர்வில் தேறிய முதல் பெண். ஆனால் சிறை சென்றவர்கள் பதிவு செய்ய முடியாது என்றது விதி. கணக்கு பார்ப்பவருக்கு நாணயம் வேண்டும், சிறைக்குப் போனவருக்கு நாணயம் ஏது என்பது அரசாங்கத்தின் தர்க்கம். நீதிமன்றம் போனார், ஜெயித்தார், 1937-இல் சொந்தமாக அலுவலகம் போட்டார். லண்டனில் மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891-இல் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, 1920-இல் எழுபது வயது தாண்டிய பிறகுதான் சங்கத்துக்குள் நுழைய முடிந்தது என்பதை நினைத்தால், சென்னை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்றும் சொல்லலாம். 1949 ஜூலை 1-இல் இன்றைய சி.ஏ. இன்ஸ்டிட்யூட் பிறந்தது. 1955-இல் அதன் தென்னிந்தியக் கிளைக்குச் சிவபோகம் தலைவரானார்.

அவருடைய ஆர்டிகிள் நாட்களைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். 1930-களின் சென்னையில் ஆடிட்டுக்கு வந்து நிற்கும் ஓர் இளம்பெண்ணைப் பார்த்து, உள்ளே வராதீங்கம்மா, நாங்க சொல்றோம், எழுதிக்குங்க என்று எத்தனை பேர் அன்பாகச் சொல்லியிருப்பார்கள்? ஜெயிலைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் தேள், பூரான் கதை எடுபட்டிருக்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

*

2009 ஜனவரி 7. ஹாஸ்டல் டி.வி. அறையில் நிற்க இடமில்லை. சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி கிடையாது. கம்ப்யூட்டர் படித்த நாங்கள் எல்லோரும் அப்போது ஏதோ ஒரு கம்பெனியின் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள். "நம்ம கதி என்னடா?" என்பதுதான் அறையில் இருந்த ஒரே கேள்வி.

எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. சரக்காவது குடோனில் இருட்டில் கிடக்கும். வங்கிப் பணத்தை எப்படி எண்ணத் தவறுவார்கள்? பதில் இரண்டு வருஷம் கழித்து, 2011-இல், அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் உத்தரவில் வந்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குடும்பத்தின் இந்திய நிறுவனங்கள்தான் ஆடிட்டர்கள். வங்கிக்கு நேராக எழுதி, நேராகப் பதில் வாங்க வேண்டிய இருப்புச் சான்றுகளை, அவர்கள் சத்யம் நிர்வாகத்தின் கை வழியாகவே அனுப்பி, அவர்கள் கை வழியாகவே பெற்றிருந்தார்கள். வந்த காகிதங்கள் போலி. 1939 விதியின் இரண்டாவது பாதி, நேராகக் கடிதம் எழுது என்பது. 70 வருஷம் கழித்து, அதே பெயர்ப்பலகைக்குக் கீழே, மறுபடியும் யாரோ மேலிருந்து கூவியிருக்கிறார்கள், யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். இந்திய நிறுவனங்கள் அந்த ஆணையத்துக்கு 60 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

நான் இப்போது செய்யும் தொழிலில் டிக் வேறு மாதிரி இருக்கும். சக ஊழியர் எழுதிய நிரலைப் படித்து 'அப்ரூவ்' பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானும் பச்சைதான். இரண்டாயிரம் வரி மாற்றம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால், மேலே நான்கு வரி படித்துவிட்டு, "நீங்க டெஸ்ட் பண்ணிட்டீங்கல்ல?" என்று கேட்டு, அவர் "பண்ணிட்டேன்" என்றதும் பச்சையை அழுத்துபவர்கள் எங்கள் தொழிலில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். நானும் அழுத்தியிருக்கிறேன்.

ஜனவரி 7 ராத்திரி இதெல்லாம் எனக்குத் தெரியாது. மியூசிகா தெரியாது, பேயோன் தெரியாது. வயிற்றுக்குள் மட்டும் ஏதோ பிசைந்தது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் சார், ஆனால் வேலைத்தாளில் மேற்பார்வை என்ற இடத்தில் இருந்தது அக்காவின் இனிஷியல். ஏதாவது ஆனால் முதலில் கேள்வி கேட்கப்படுவது அவரைத்தான். சம்பளமில்லாமல் மே மாதம் வந்து போன எஞ்சினியரிங் பையனை யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது. மொட்டை மாடிக்குப் போய் அவருக்கு ஃபோன் போட்டேன். ஆர்டிகிள்ஷிப் முடிந்து, மே மாத ஃபைனல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

"நியூஸ் பார்த்தீங்களாக்கா?"

"அதத்தான்டா பார்த்துட்டு இருக்கோம். சார் மத்தியானத்துல இருந்து சாப்பிடவே இல்லையாம், ஆபீஸ்ல சொன்னாங்க."

கொஞ்ச நேரம் சத்யம் பற்றியே பேசினோம். பிறகு சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த மஞ்சள் குடோன். மூணாவது அட்டி. சந்துக்குள்ள நான் போகலை. அவர் மேல இருந்து சொன்னதைத்தான் எழுதினேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"உன் சட்டையைப் பார்த்தேனே. அந்தச் சந்துல நுழைஞ்சவன் முதுகு மஞ்சளா இருக்கணும். நீ இஸ்திரிகூடக் கலையாம வந்து நின்னே."

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, நான் எழுந்திருக்கும் முன்பே, அவர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் குடோனுக்குப் போயிருக்கிறார். பெரியவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, சந்துக்குள் நுழைந்து, மேலே ஏறி, இறங்கி எண்ணியிருக்கிறார். என் தாளைக் கிழித்துப் போடவில்லை. அதற்குப் பின்னால் தன் தாளை வைத்துப் பின் அடித்து, சாரிடம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகும் நான் இரண்டு வாரம் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து டிக் அடித்தேன். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரமும் என்னை எந்தக் குடோனுக்கும் அனுப்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எட்டுதான் இருந்துச்சாக்கா?"

"அது கிளையண்ட் விஷயம். உனக்கெதுக்கு அது?" என்றார். "வைக்கட்டா? படிக்கணும்."